காலையில் கத்தும் ஃபேன் பெல்ட், திங்கட்கிழமை எழாத பேட்டரி

காவிரிக்கரை
நவம்பர் 17, இரவு 9.10

வணக்கம். ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன். லால்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. 2013 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் கார். 94,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்குள்ளிருந்து வீல் என்று ஒரு சத்தம். தெருவே திரும்பிப் பார்க்கிறது. ஒரு நிமிடம், சில நாள் இரண்டு நிமிடம் கத்திவிட்டுத் தானாக அடங்கும். அடங்கிய பிறகு ஹெட்லைட்டைப் போட்டால் மறுபடி கத்தும். மாலையில் பள்ளியிலிருந்து கிளம்பும்போது பெரும்பாலும் சத்தமே இருக்காது.

செப்டம்பரில் ஃபேன் பெல்ட்டை மாற்றினேன். மூன்று வாரம் அமைதி, பிறகு பழைய கதைதான். பட்டறையில் இறுக்கிக் கொடுத்தார்கள். பத்து நாள் தாங்கியது. பெல்ட்டே தரமில்லை என்று சொல்லி இன்னொன்று போட்டார்கள். அதுவும் இப்போது கத்துகிறது.

இதற்கிடையே இன்று காலை செல்ஃப் ‘டக் டக்’ என்றதே தவிர இன்ஜின் எழவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி தன் காரிலிருந்து கேபிள் போட்டு எழுப்பிக் கொடுத்தார். போன திங்கட்கிழமையும் செல்ஃப் மந்தமாகத்தான் சுற்றியது. பேட்டரி வாங்கி 14 மாதம்தான் ஆகிறது, 35 ஆம்பியர்-மணி. பட்டறையில் பேட்டரியையும் மாற்றிவிடலாம் என்கிறார்கள். டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு சாவியைத் திருப்பும்போது எரிகிறது, இன்ஜின் ஓடியதும் அணைந்துவிடுகிறது. அப்படியென்றால் சார்ஜிங் சரியாக இருக்கிறது என்றுதானே பொருள்? இனி எதற்குப் பணம் கொடுப்பது என்று தெரிந்துகொண்டு கொடுக்க விரும்புகிறேன்.


மலைப்பாதை
நவம்பர் 17, இரவு 9.45

வணக்கம் டீச்சர். குன்னூரில் டாக்சி ஓட்டுகிறேன். மழைக்காலத்தில் எங்கள் வண்டிகள் எல்லாமே காலையில் கத்தும். இரவெல்லாம் பனி இறங்கி, பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியில் ஈரம் படிந்துவிடும். சூடானதும் ஈரம் காய்ந்து சத்தம் நின்றுவிடும். உங்கள் ஊரிலும் இப்போது மழைதான். பெல்ட் ஓடும்போது அதன் ஓரத்தில் குளிக்கும் சோப்பை லேசாகக் காட்டுவார்கள், அல்லது கடையில் பெல்ட்டுக்கென்றே ஸ்பிரே கிடைக்கும். நான் பல வருடமாக அதைத்தான் செய்கிறேன்.


பட்டறைக்காரர்
நவம்பர் 17, இரவு 10.30

தம்பி, சோப்பை மட்டும் சொல்லாதீர்கள். நாமக்கல்லில் 31 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். சோப்பும் மெழுகும் ஸ்பிரேயும் தடவிய பெல்ட்டில் தெருப்புழுதி அத்தனையும் அப்பிக்கொள்ளும். நாலு நாள் சத்தம் இருக்காது. பிறகு பெல்ட்டின் காடிகளெல்லாம், அதாவது நீளவாக்கில் ஓடும் பள்ளங்களெல்லாம், மாவு அப்பியதுபோல் ஆகி, புல்லியையும் சேர்த்துக் கெடுக்கும். ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோவதும் கூடாது. விரல் போனவரை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

டீச்சர் அம்மா, பெல்ட் சத்தத்தில் இரண்டு சாதி உண்டு. ‘கீச், கீச், கீச்’ என்று குருவி கத்துவதுபோல் விட்டுவிட்டு, இன்ஜின் வேகத்தோடு கூடிக் குறைந்து வந்தால், பெல்ட் நேர்கோட்டில் ஓடவில்லை என்று பொருள். ஏதோ ஒரு புல்லி சாய்ந்திருக்கும், அல்லது பேரிங் ஆடும். ஓர் அடி தூரத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் விலகினாலே கத்தத் தொடங்கிவிடும். ‘வீ...ல்’ என்று நீளமாக இழுத்தால் பெல்ட் வழுக்குகிறது. நீங்கள் சொல்வது இரண்டாவது.

சந்தேகம் தீரத் தண்ணீர் சோதனை செய்யுங்கள். செடிக்குத் தெளிக்கும் பாட்டில் போதும். சத்தம் வரும் நேரத்தில் இரண்டடி தள்ளி நின்று, பெல்ட்டின் உட்பக்கம், அதாவது காடி இருக்கும் பக்கம், கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சுங்கள். சத்தம் சட்டென்று குறைந்து, சில நொடியில் திரும்பினால் புல்லி நேராக இல்லை. தண்ணீர் பட்டதும் சத்தம் இன்னும் கூடினால் வழுக்கல். முந்தானை, துப்பட்டா, தொங்கும் சடை எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு செய்ய வேண்டும். ரேடியேட்டர் விசிறி தானாகவே சுற்ற ஆரம்பிக்கும், அதன் பக்கத்தில் கை வேண்டாம்.

என் கணிப்பு, பெல்ட்டில் இழுவிசை போதவில்லை. உங்கள் வண்டியில் தானாக இறுக்கும் டென்ஷனர் கிடையாது, போல்ட்டால் இழுத்து இறுக்குவதுதான். புது பெல்ட் முதல் சில நாளில் காடியில் உட்கார்ந்து கொஞ்சம் தளரும். ஒரு வாரம் ஓட்டியபின் மறுபடி பார்த்து இறுக்க வேண்டும். அதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை.


மின்சுற்று
நவம்பர் 18, காலை 6.20

பட்டறைக்காரர் ஐயா சொன்ன தண்ணீர் சோதனையை அவசியம் செய்யுங்கள். ஆனால் உங்கள் பதிவில் யாரும் கவனிக்காத ஒரு சொல் இருக்கிறது: திங்கட்கிழமை. போன வாரமும் திங்கள், இந்த வாரமும் திங்கள். சனி, ஞாயிறு வண்டி நிற்கிறது அல்லவா? மழை வாரம் முழுக்கப் பெய்கிறது. ஈரம்தான் காரணம் என்றால் புதன்கிழமையும் அதே அளவு தொல்லை இருக்க வேண்டும். நிற்க நிற்கப் பேட்டரி இறங்குகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதற்கும் பெல்ட் கத்துவதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். அந்த பெல்ட் சுற்றிவிட மின்சாரம் உண்டாக்குவது, டைனமோ என்று நாம் சொல்லும் ஆல்டர்னேட்டர். அது எப்போதும் ஒரே கனத்தில் சுற்றுவதில்லை. மின்சாரம் எவ்வளவு கேட்கிறோமோ அவ்வளவு கனக்கும். ஹெட்லைட் இரண்டும் 110 வாட். ஏசி புளோயர், வைப்பர், பெட்ரோல் பம்ப், இக்னிஷன் எல்லாம் சேர்ந்தால் 500, 600 வாட் சாதாரணமாகப் போகும். இறங்கிப்போன பேட்டரி ஸ்டார்ட் ஆனதும் 25, 30 ஆம்பியர் குடிக்கும், அது இன்னொரு 400 வாட். ஆல்டர்னேட்டர் 1,000 வாட் கொடுக்க வேண்டுமானால், அதன் திறனிழப்பையும் சேர்த்து, பெல்ட்டிலிருந்து ஏறக்குறைய 1,800 வாட் இழுக்கும். கிட்டத்தட்ட இரண்டரைக் குதிரைத் திறன். நம் வீட்டுக் கிணற்று மோட்டாரைவிடப் பெரிய சுமையை, உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு சின்னப் புல்லி வழியாக அந்த பெல்ட் கடத்துகிறது. பேட்டரி கொஞ்சம் நிரம்பியதும் சுமை குறைகிறது, சத்தம் அடங்குகிறது. ஹெட்லைட்டைப் போட்டால் சுமை ஏறுகிறது, கத்துகிறது. மாலையில் பேட்டரி ஓரளவு நிரம்பியிருப்பதால் சத்தமில்லை. நீங்கள் எழுதிய ஒவ்வொரு அடையாளமும் இதற்குப் பொருந்துகிறது.

விளக்கு அணைவதை வைத்து மட்டும் சார்ஜிங் சரி என்று முடிவுகட்ட முடியாது. அந்த விளக்கு முழுத் தோல்வியைத்தான் சொல்லும், அரைகுறைத் தோல்வியைப் பல நேரம் சொல்லாது. இன்று இரவு ஒன்று செய்யுங்கள். இருட்டில், இன்ஜின் ஓடும்போது, டாஷ்போர்டை இரு கையாலும் மறைத்துக்கொண்டு அந்த விளக்கை உற்றுப் பாருங்கள்.

பிறகு 400, 500 ரூபாயில் ஒரு மல்டிமீட்டர் வாங்கிவிடுங்கள். நேர்மின் (DC) அளவில் 20 வோல்ட்டில் வைத்து, பேட்டரி டெர்மினலில் மூன்று வேளை அளந்து எழுதுங்கள்: காலையில் கதவைத் திறந்து நெடுநேரம் ஆகாத நிலையில், ஸ்டார்ட் ஆனபின் எதுவும் போடாமல், ஹெட்லைட், புளோயர், வைப்பர் எல்லாம் போட்டு. நிரம்பிய பேட்டரி ஓய்வில் 12.6, 12.7 காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12.0 என்றால் கால்வாசி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.6 வரை. எல்லாம் போட்டாலும் 13.3க்குக் கீழே இறங்கக் கூடாது.


நாற்கரச்சாலை
நவம்பர் 18, காலை 8.05

மீட்டர் வாங்குவானேன்? வண்டி ஓடும்போது பேட்டரியின் ஒரு டெர்மினலைக் கழற்றிப் பாருங்கள். இன்ஜின் நின்றால் டைனமோ போச்சு, நிற்காவிட்டால் டைனமோ நன்றாக இருக்கிறது. எங்கள் அப்பா காலத்திலிருந்து இதுதான் சோதனை.


மின்சுற்று
நவம்பர் 18, காலை 8.20

வேண்டாம். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். அப்பா காலத்து அம்பாசிடரில் கம்ப்யூட்டர் கிடையாது. இன்றைய காரில் இன்ஜின், ஏர்பேக், பிரேக் எல்லாவற்றுக்கும் தனித்தனி மின்னணுப் பெட்டி இருக்கிறது. பேட்டரி ஒரு பெரிய தாங்குதூண்போல மின்னழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்போது அதைச் சட்டென்று பிரித்தால், ஆல்டர்னேட்டரின் காந்தப்புலம் அந்தக் கணத்தில் குறையாது. மின்னழுத்தம் பல பத்து வோல்ட் வரை எகிறும். நன்றாக இருந்த டயோடும், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட்டும் போய்விடும், விதி மோசமாக இருந்தால் இன்ஜின் கம்ப்யூட்டரும் போகும். 400 ரூபாய் மீட்டரை மிச்சம் பிடித்து முப்பதாயிரத்தை இழக்க வேண்டாம்.


பட்டறைக்காரர்
நவம்பர் 18, காலை 9.00

இதில் தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. என் பட்டறையில் ஒரு பையன் அப்படிச் செய்து கட்-அவுட் போய், அதை என் கைப்பணத்தில் மாற்றிக் கொடுத்தேன்.


காவிரிக்கரை
நவம்பர் 19, இரவு 8.40

மீட்டர் வாங்கிவிட்டேன். பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவரிடம் பிடிக்கும் விதத்தையும் கேட்டுக்கொண்டேன்.

தண்ணீர் பீய்ச்சியதும் சத்தம் காது கிழியும் அளவுக்குக் கூடியது. ஆகவே வழுக்கல்தான்.

இன்று காலை ஓய்வில் 12.21. ஸ்டார்ட் ஆகிக் கத்தும்போது 12.9, அடங்கியபின் 13.7. ஹெட்லைட், புளோயர், வைப்பர் போட்டதும் 12.7 வரை இறங்கியது. இரண்டாயிரம் சுற்றுக்கு வேகம் கொடுத்தாலும் 13.0 தாண்டவில்லை.

அந்த விளக்கு! கையால் மறைத்துக்கொண்டு ஒரு நிமிடம் கண்ணை இருட்டுக்குப் பழக்கிப் பார்த்தேன். எரிகிறது. சாம்பல் பூத்த கங்குபோல, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு சிவப்பு. வேகம் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் தெளிவாகிறது. இத்தனை மாதம் அதன் எதிரில் உட்கார்ந்து ஓட்டியும் தெரியவில்லை.


உப்புக்காற்று
நவம்பர் 19, இரவு 9.15

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். ஆல்டர்னேட்டரைக் கழற்றும் முன் கேபிளைப் பாருங்கள். எனக்கும் இதே எண்கள்தான் வந்தன. ஆல்டர்னேட்டரில் பழுதே இல்லை. எங்கள் ஊர்க் காற்றில் உப்பு. பேட்டரிக்குப் போகும் கனமான கேபிளின் முனையில், பித்தளைக் காதுக்குள், கம்பி பச்சையாகப் பூத்து மாவாகிவிட்டது. மேலே ரப்பர் உறை புதிதுபோல இருந்தது. வளைத்துப் பார்த்தபோதுதான் உள்ளே நெறுநெறுவென்று உடைந்தது.

கண்டுபிடிக்கும் வழி சுலபம். இன்ஜின் ஓட, எல்லா விளக்கும் எரிய, மீட்டரின் சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் பின்னால் கனமான கேபிள் மாட்டியிருக்கும் போல்ட்டில் வையுங்கள், கறுப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸில் வையுங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எனக்கு 1.1 காட்டியது. பிறகு ஆல்டர்னேட்டரின் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே இதேபோல், அங்கே 0.1, மிஞ்சினால் 0.2. இது கூடினால் இன்ஜினிலிருந்து பாடிக்கு வரும் எர்த் பட்டை துரு. அந்த போல்ட்டில் பேட்டரி மின்சாரம் எப்போதும் இருக்கும். மீட்டர் முனை போல்ட்டையும் பக்கத்து இரும்பையும் ஒன்றாகத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பெரிய பொறி பறக்கும்.


பட்டறைக்காரர்
நவம்பர் 19, இரவு 10.10

நான் இன்னும் பெல்ட்டை விடவில்லை. கத்தும்போது 12.9, அடங்கினால் 13.7 என்கிறார். அதாவது வழுக்குவதால்தான் ஆல்டர்னேட்டர் சுற்று குறைந்து சார்ஜ் ஏறவில்லை. பெல்ட் சரியாகப் பிடித்தால் எல்லாம் சரியாகலாம். அம்மா, இன்ஜினை நிறுத்திவிட்டுப் புல்லியைப் பாருங்கள். ஆல்டர்னேட்டர் புல்லியின் காடிகள் கண்ணாடிபோல் பளபளத்து, முகடு கூர்மையாகத் தேய்ந்திருந்தால் எந்தப் புது பெல்ட்டும் அங்கே நிற்காது. இப்போது வரும் பெல்ட்டுகள் பழைய ரப்பர்போல் வெடிப்பதில்லை. வெடிப்பு இல்லை, ஆகவே நன்றாக இருக்கிறது என்று ஏமாறக் கூடாது. காடியின் ஆழம் தேய்ந்து, பெல்ட் புல்லியின் அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

மேலே எண்ணெய், கூலண்ட் எங்காவது சொட்டிப் பெல்ட்டில் படுகிறதா என்பதையும் பாருங்கள். வால்வ் மூடியின் பேக்கிங் கசிந்தால் நேராகப் பெல்ட்டில்தான் இறங்கும்.

ஒன்று மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். சத்தம் நிற்கும் வரை இறுக்கு என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் ஆல்டர்னேட்டர் பேரிங், பல வண்டிகளில் அதே பெல்ட்டில் சுற்றும் வாட்டர் பம்ப்பின் பேரிங், இரண்டும் ஆறு மாதத்தில் ஊளையிடும்.


மின்சுற்று
நவம்பர் 20, காலை 6.00

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். சத்தம் அடங்கி பெல்ட் பிடித்த பிறகும், இரண்டாயிரம் சுற்றிலும், சுமை போட்டால் 13.0தான் வருகிறது. அங்கே வழுக்கல் இல்லை, ஆனாலும் மின்சாரம் போதவில்லை. மேலும் பெல்ட் தளர்ந்தால் ஓடும்போது சார்ஜ் ஏறாது, சரி. நிற்கும்போது இறங்குவதற்கு அது காரணமாகாது. விளக்கு மங்கலாக எரிவதும் டயோடு பக்கம்தான் கை காட்டுகிறது.

ஆல்டர்னேட்டருக்குள் உருவாவது மூன்று கட்ட மாறுமின்சாரம். குறைந்தது ஆறு டயோடுகள் சேர்ந்து அதை நேர்மின்சாரமாக்குகின்றன. டயோடு ஒருவழிக் கதவு. ஒன்று கெட்டால் உற்பத்தியில் பெரும்பங்கு குறையும், நேர்மின்சாரத்தோடு மாறுமின் அலையும் கலந்து வரும். கதவு இருபுறமும் திறந்துகொண்டால், வண்டி நிற்கும்போது பேட்டரியின் மின்சாரம் ஆல்டர்னேட்டருக்குள் பின்னோக்கிக் கசியும்.

உப்புக்காற்று சொன்ன கேபிள் சோதனையை முதலில் செய்யுங்கள். பிறகு மீட்டரை மாறுமின் (AC) அளவில் வைத்து, இன்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, பேட்டரி டெர்மினலில் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட் இருந்தால் டயோடு.


காவிரிக்கரை
நவம்பர் 20, இரவு 8.15

கேபிள்: பிளஸ் பக்கம் 0.14, எர்த் பக்கம் 0.05. இரண்டும் சரி. எண்ணெய்க் கசிவு இல்லை. புல்லி பளபளக்கிறது, ஆனால் முகடு கூர்மையாக இல்லை.

மாறுமின் அளவில் 29.6 வோல்ட் காட்டுகிறது. பயந்து இன்ஜினை நிறுத்திவிட்டேன். வண்டி பற்றிக்கொள்ளுமா?


மின்சுற்று
நவம்பர் 20, இரவு 8.25

பயப்படாதீர்கள். அது மீட்டரின் குறை. மலிவான மீட்டர்கள் மாறுமின் அளவில் நேர்மின்சாரத்தைப் பிரித்தறியாமல் இரண்டு மடங்குக்கு மேல் பெருக்கிக் காட்டும். இன்ஜினை நிறுத்திவிட்டு அதே அளவில் பேட்டரியைத் தொட்டால்கூட 27, 28 காட்டும், பாருங்கள். பள்ளி ஆய்வகத்தில் நல்ல மீட்டர் இருந்தால் ஒரு நாள் இரவல் கேளுங்கள்.


காவிரிக்கரை
நவம்பர் 21, இரவு 7.50

நீங்கள் சொன்னது சரிதான், நிறுத்திய வண்டியிலும் 27 காட்டியது. ஆய்வக மீட்டரில் இன்று பார்த்தோம்: 0.68 வோல்ட். இயற்பியல் ஆசிரியர் இரண்டு முறை அளந்தார்.


மின்சுற்று
நவம்பர் 21, இரவு 8.30

டயோடுதான். ஆனாலும் கசிவை நேரில் பிடித்துவிட்டால் பட்டறையில் யாரும் உங்களிடம் வேறு கதை சொல்ல முடியாது. நாளை சனிக்கிழமை, நேரம் எடுத்துச் செய்யுங்கள்.

பானெட்டைத் திறந்து வைத்து, கதவுகளைச் சாத்தி, சாவியை வெளியே எடுத்துவிடுங்கள். பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றி, அந்தக் கேபிளுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் மாட்டுங்கள். மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது, கதவைத் திறக்கவும் வேண்டாம். செல்ஃப் இழுக்கும் மின்சாரத்தில் மீட்டர் கருகிவிடும். கம்ப்யூட்டர்கள் உறங்க அரை மணி நேரம் விடுங்கள். அதன்பிறகு வரும் எண் 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் நலம். கூடினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கினாலும் இறங்காவிட்டால், மீட்டரை எடுத்துவிட்டு, பேட்டரி மைனஸ் தொங்கும் நிலையிலேயே ஆல்டர்னேட்டரின் கனமான கேபிளையும் சின்னப் பிளக்கையும் கழற்றி, கேபிள் முனையைத் துணியால் சுற்றிவிட்டு, மறுபடி மீட்டரை மாட்டுங்கள்.

இன்னொன்று. காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் ஆல்டர்னேட்டரின் உடம்பைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் மின்சாரம் அங்கேதான் கசிகிறது.


காவிரிக்கரை
நவம்பர் 22, மாலை 5.30

காலை ஆறு மணிக்கு மழை விட்டிருந்தது. பானெட்டைத் திறந்து முதலில் ஏசி கம்ப்ரசரைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. அதே உயரத்தில், ஒரு சாண் தள்ளி ஆல்டர்னேட்டர். புறங்கையை வைத்தேன். லேசான வெதுவெதுப்பு. பன்னிரண்டு மணி நேரமாக நின்ற வண்டியில், காய்ச்சல் விட்ட குழந்தையின் நெற்றிபோல. அப்பாவையும் கூப்பிட்டுத் தொடச் சொன்னேன். அவரும் ஆமாம் என்றார்.

மீட்டரில் அரை மணி கழித்து 0.37 ஆம்பியர். உள்ளேயும் வெளியேயும் இருந்த பதினெட்டு ஃபியூஸையும் பிடுங்கிப் பார்த்தேன். 0.35க்குக் கீழே இறங்கவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி 12ஆம் நம்பர் ஸ்பேனரால் ஆல்டர்னேட்டர் கேபிளைக் கழற்றினார். மறுபடி மாட்டினோம். 0.02.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் இரவுக்குப் பத்து மணி நேரம் என்றால் 3.7 ஆம்பியர்-மணி. வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலை வரை 60 மணி நேரம், 22 ஆம்பியர்-மணி. என் பேட்டரியே 35தான். திங்கட்கிழமைக்கு விடை கிடைத்துவிட்டது. இப்போது மைனஸ் டெர்மினலைக் கழற்றியே வைத்திருக்கிறேன்.


பட்டறைக்காரர்
நவம்பர் 22, இரவு 9.00

ஒப்புக்கொள்கிறேன், அம்மா. நான் பெல்ட்டையே பிடித்துக்கொண்டிருந்தேன். கத்துவது பெல்ட், அதைக் கத்த வைப்பது உள்ளே கெட்ட டயோடு. இரண்டு புது பெல்ட்டும் ஒரு தவறும் செய்யவில்லை.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முழு ஆல்டர்னேட்டரும் மாற்ற வேண்டியதில்லை. டைனமோ, செல்ஃப் மோட்டார் வேலை மட்டும் பார்க்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் உங்கள் ஊரில் நிறைய உண்டு. டயோடு பிளேட்டை மாற்றச் சொல்லுங்கள். பிரித்த கையோடு இரண்டு பேரிங்கையும் கார்பன் பிரஷ்ஷையும் மாற்றிவிடுங்கள். அதற்கு ஆகும் செலவு சிறிது, இன்னொரு முறை பிரிக்கும் கூலி பெரிது. உள்ளே அசையாமல் இருக்கும் கம்பிச் சுருளான ஸ்டேட்டர் கருகியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். செம்பு நிறத்தில் ஒரே சீராக இருக்க வேண்டும், ஒரு பக்கம் கறுத்திருந்தால் வைண்டிங்கும் பார்க்க வேண்டும். புல்லியின் காடிகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளப்பை எடுக்கச் சொல்லுங்கள். இப்போதைய பெல்ட் இத்தனை நாள் வழுக்கி வழுக்கி மெருகேறிவிட்டது, அதற்காக வருத்தப்படாமல் மாற்றிவிடுங்கள். கழற்றி மாட்டுவதற்கு முன் பேட்டரியைச் சார்ஜரில் போட்டு முழுதாக நிரப்புங்கள். காலிப் பேட்டரியை நிரப்பும் வேலையைப் புது டயோடு பிளேட்டின் தலையில் முதல் நாளே கட்டக் கூடாது.


வைகைக்கரை
நவம்பர் 23, காலை 10.00

இந்த இழையைப் படித்துவிட்டு என் காரையும் அளந்தேன். 2021 மாடல். நெடுஞ்சாலையில் ஓடும்போது சில நேரம் 12.8தான் காட்டுகிறது, ஆக்சிலரேட்டரை விட்டு மெதுவாகும்போது 14.8க்குப் போகிறது. எனக்கும் ஆல்டர்னேட்டர் போய்விட்டதா?


மின்சுற்று
நவம்பர் 23, காலை 10.25

இல்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற வாகனப் புகை விதி வந்ததையொட்டி எரிபொருளை மிச்சப்படுத்த இந்த முறை பல வண்டிகளுக்கு வந்தது. பேட்டரி நிரம்பியிருந்தால் இன்ஜின் கம்ப்யூட்டரே ஆல்டர்னேட்டரை ஓய்வில் விடும். வண்டி வேகம் குறையும்போது வீணாகும் விசையில் சார்ஜ் செய்துகொள்ளும். உங்கள் பேட்டரி மைனஸ் டெர்மினலில் ஒரு சின்னப் பெட்டி உட்கார்ந்திருக்கும், அதுதான் கணக்கு வைக்கும் சென்சார். இப்படிப்பட்ட வண்டியில் ஜம்பர் கேபிள் போடும்போது கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸில் மாட்டாமல், இன்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் மாட்டுங்கள். ஹெட்லைட்டும் பின்கண்ணாடி ஹீட்டரும் போட்டுப் பாருங்கள். 13.5க்கு மேல் ஏறினால் நிம்மதியாக ஓட்டலாம்.


காவிரிக்கரை
நவம்பர் 29, இரவு 8.00

வேலை முடிந்துவிட்டது. பக்கத்திலேயே நின்று பார்த்தேன். எலக்ட்ரீஷியன் பெரியவர், டயோடு பிளேட்டைக் கழற்றி மேசையில் வைத்து, ஒவ்வொரு டயோடிலும் மீட்டரை இருபுறமும் மாற்றி மாற்றி வைத்துக் காட்டினார். ஐந்தாவது டயோடில் எந்தப் பக்கம் வைத்தாலும் மீட்டர் ‘பீ’ என்று கத்தியது, முழு ஷார்ட் சர்க்யூட். எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று ஒருவழியில் சரி, மறுவழியில் கொஞ்சம் கசிவு. இவை இரண்டும் சேர்ந்துதான் இரவெல்லாம் மின்சாரத்தைக் குடித்திருக்கின்றன. கார்பன் பிரஷ் ஐந்து மில்லிமீட்டர்தான் மிச்சம், புதிது அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. முன் பேரிங்கைக் கையில் சுற்றினால் மணல் அரைபடுவதுபோல் கரகரத்தது. அது பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கியதன் பலன் என்றார். ஸ்டேட்டர் கறுக்கவில்லை.

பேட்டரியை ஓர் இரவு முழுக்கச் சார்ஜரில் வைத்து, பிறகுதான் மாட்டினோம். இன்று காலை ஓய்வில் 12.64. ஸ்டார்ட் ஆனதும் 14.3. எல்லாம் போட்டால் 13.8. மாறுமின் 0.03. விளக்கு இருட்டிலும் முழுக்க அணைந்திருக்கிறது. சத்தம் இல்லை. அடுத்த சனிக்கிழமை பெல்ட்டை ஒருமுறை பார்த்து இறுக்கச் சொல்லியிருக்கிறேன். பேட்டரியை மாற்றவில்லை.


மலைப்பாதை
நவம்பர் 30, இரவு 9.20

டீச்சர், உங்களைப் பார்த்து நானும் மீட்டர் வாங்கினேன். என் வண்டியில் ஓய்வில் 12.7, ஓடும்போது 15.4. கூடுதல்தானே, நல்லதுதானே என்று இருந்தேன். ஆனால் என் பேட்டரிக்கு மாதம் ஒரு பாட்டில் டிஸ்டில்ட் வாட்டர் பிடிக்கிறது. ஹெட்லைட் பல்பும் இந்த வருடம் மூன்று போய்விட்டது. இரண்டுக்கும் இதுதான் காரணமா?


மின்சுற்று
நவம்பர் 30, இரவு 9.35

ஆமாம் அண்ணா. கட்-அவுட் போய்விட்டது, பேட்டரி கொதிக்கிறது, தண்ணீர் வாயுவாகப் பறக்கிறது. அந்த வாயுவில் ஹைட்ரஜன் இருக்கும், பானெட்டைத் திறக்கும்போது பீடி, சிகரெட் அருகில் வேண்டாம். நாளை சவாரி எடுக்கும் முன் கட்-அவுட்டை மாற்றிவிடுங்கள். மாற்றியபின் எண்ணை இங்கே எழுதுங்கள்.


மலைப்பாதை
டிசம்பர் 1, மதியம் 1.10

மாற்றியாயிற்று. 14.2. பெல்ட்டில் அப்பியிருந்த சோப்பையும் புல்லியிலிருந்து சுரண்டி எடுக்கச் சொல்லிப் புது பெல்ட் போட்டுவிட்டேன், பட்டறைக்காரர் ஐயா.